இடதுபுறம் திரும்பிய வழக்கு

2013 ஜனவரி 26, சனிக்கிழமை மாலை, ஜார்ஜியா மாநிலத்தின் தெற்கே சட்டில்லா கவுண்டி என்கிற சிறு மாவட்டத்தில், மரத் தொழிற்சாலைச் சாலையில் போய்க்கொண்டிருந்த ஒரு பிக்கப் வண்டி பெட்ரோல் நிலையத்துக்குள் நுழைய இடதுபுறம் திரும்பியது. எதிரே வந்த மோட்டார் சைக்கிள் அதன் வலப்பக்கக் கதவில் மோதியது.

பிக்கப்பை ஓட்டியவன் டேல் கிரிஃபிஸ். வயது நாற்பத்தொன்று, மரத் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வேலை. அவன் குடித்திருக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் வந்த ராண்டல் யோமன்ஸை ஹெலிகாப்டரில் சவானா மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நெடுஞ்சாலைக் காவலர் டேலின் கையில் போக்குவரத்து மீறலுக்கான ஒரு டிக்கெட்டைக் கொடுத்தார். திரும்பும்போது எதிரே வருபவருக்கு வழிவிடத் தவறியதாக அதில் எழுதியிருந்தது. நீதிமன்றத்துக்கு வர வேண்டிய நாள் மார்ச் 14.

அதற்கு மூன்று நாள் முன்பு டேல் தன் வக்கீல் மார்வா லைட்சியின் அலுவலகத்தில், தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“நான்தானே மிஸ் மார்வா திரும்பினேன்? திரும்பலன்னு பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“பொய் சொல்லச் சொல்லல. ‘குற்றவாளி இல்ல’ன்னு சொல்லச் சொல்றேன். அது வேற, இது வேற.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது.”

“அதனாலதான் நீ ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற, நான் வக்கீலா இருக்கேன்.”

டேல் சிரித்தான். ஆனால் சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை. விபத்து நடந்த இந்த ஆறு வாரமாகவே அவன் இப்படித்தான் இருந்தான். சவானாவுக்குப் போய் ராண்டலின் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கப் புறப்பட்டவனை மார்வா இரண்டு தடவை தடுத்திருந்தாள். அவனை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். யாராவது தெருவில் அவன் காலை மிதித்தால்கூட அவன்தான் மன்னிப்புக் கேட்பான்.

“நல்லாக் கேட்டுக்கோ,” என்றாள். “அந்த டிக்கெட்டுக்கு அபராதத்தைக் கட்டிட்டுப் போயிடலாம். இந்த ஊர்ல எல்லாரும் அதைத்தான் செய்யறாங்க. கட்டினா ஒப்புக்கிட்டேன்னு அர்த்தம். நாளைக்கு ராண்டல் செத்துட்டா இது டிக்கெட்டோட நிக்காது. வண்டியால மனுஷனைக் கொன்ன வழக்கு. ஒரு வருஷம் வரைக்கும் உள்ள போடலாம். அன்னைக்கு ஆறு ஜூரிங்க முன்னால, நீ ஒப்புக்கிட்டதை எடுத்து வாசிப்பாங்க. அதுக்கப்புறம் நான் என்ன பேசினாலும் எடுபடாது.”

“அவன் லைட்டே போடாம வந்தான்னு பெட்ரோல் பங்க்ல அந்தப் பொண்ணு சொன்னாளே?”

“சொன்னா. மசமசன்னு இருட்டுற நேரம்னும் சொன்னா. அது நமக்கு நல்ல சாட்சி. ஆனா நீயே ‘தப்பு என்னுது’ன்னு ஒப்புக்கிட்ட பிறகு அவளை யார் நம்புவா?”

டேல் யோசித்தான். “சரி, அவன் முதல்ல செத்துட்டான்னு வைங்க. அப்புறம் நான் போய் டிக்கெட்டுக்கு ஒப்புக்கிட்டா?”

மார்வா பேனாவைக் கீழே வைத்தாள். இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை.

“அது வேற கதை. செத்த பிறகு, அது தெரியாம, அரசு வக்கீல் உனக்கு டிக்கெட்டுக்கே தண்டனை வாங்கிக் கொடுத்துட்டா விஷயம் அத்தோட முடிஞ்சுது. ஒரே காரியத்துக்கு ரெண்டு தடவை தண்டிக்க முடியாது. ஆனா முதல்ல தண்டனை, அப்புறம் சாவுன்னு வந்தா அந்தப் பாதுகாப்பு கிடையாது. அன்னைக்கு நடக்காத சாவுக்கு அன்னைக்கே எப்படி வழக்குப் போட்டிருக்க முடியும்னு கேப்பாங்க. அதெல்லாம் விடு. செத்தா அவங்களுக்கு நம்மளுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். வியாழக்கிழமை ‘குற்றவாளி இல்ல’ன்னு சொல்லிட்டு வெளிய வர்றோம். காத்திருக்கிறோம்.”

“எதுக்குக் காத்திருக்கோம்?”

அவள் கோப்பை மூடினாள். எழுந்துபோகும்போது டேல் கதவருகே நின்று, “என்னை உள்ள போட்டுட்டா ரோவீனாவை யார் கூட்டிட்டுப் போவா?” என்று கேட்டான். அவன் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் வேலை முடிந்ததும் அவளை ஏற்றிக்கொண்டு ஐம்பது மைல் தள்ளி இருக்கிற டயாலிசிஸ் நிலையத்துக்குப் போகிறவன் அவன். நர்ஸுகளுக்கு அவன் வண்டிச் சத்தம்கூடப் பழக்கம்.

வியாழக்கிழமை காலை மூடுபனி. பைன் மரங்களின் மகரந்தம் உதிரும் பருவம் என்பதால் கார்கள், அஞ்சல் பெட்டிகள், நாய்களின் முதுகு, எல்லாவற்றின் மீதும் மஞ்சள் தூள் படிந்திருந்தது. மார்வா வழக்கமாகப் போகிற வழியில்தான் போனாள். யோமன்ஸ் குடும்பத்தின் செங்கல் வீடு அந்த வழியில்தான் இருந்தது.

வீட்டின் முன்னே புல்தரையிலேயே கார்களை நிறுத்தியிருந்தார்கள். எட்டு அல்லது ஒன்பது. பாப்டிஸ்ட் சபையின் வெள்ளை வேன் பின்கதவு திறந்து நின்றது. இரண்டு ஆண்கள் அதிலிருந்து மடக்கு நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் கைக்கு ஒன்றாக ஃபாயில் போர்த்திய பாத்திரங்களை ஏந்தியபடி, கதவைத் தோளால் தள்ளி உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவள் கையில் முட்டை வைக்கிற குழிகள் உள்ள கண்ணாடித் தட்டு.

மார்வா வேகத்தைக் குறைத்தாள்.

இந்தப் பக்கத்தில் நோயாளி இருக்கிற வீட்டுக்குச் சாப்பாடு மாலையில் போகும். ஆள் மாற்றி ஆள் முறை வைத்து, நாளுக்கு ஒரு பாத்திரம் என்று போகும். காலையில், ஒரே நேரத்தில், நாற்காலிகளோடு போனால் அது சாவு வீட்டுக்குத்தான். மார்வா மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவள். ஆனாலும் இதைப் படிக்கத் தெரியாமல் இந்தக் கவுண்டியில் யாரும் ஐம்பத்து மூன்று வயதுவரை வாழ்ந்துவிட முடியாது. அவள் அம்மா போன காலையில் அவர்கள் வீட்டு மேஜையில் ஒன்பது மணிக்குள் மூன்று பன்றித்தொடைகள் வந்து சேர்ந்திருந்தன.

பாவம் ராண்டல் என்று அவள் நினைத்துக்கொண்டது பிறகுதான். முதலில் காரின் கடிகாரத்தைப் பார்த்தாள்.

நீதிமன்றத்தின் மேல்மாடிக் கூடத்தில் எழுபது எண்பது பேர் இருந்தார்கள். எல்லாம் வேகம், காப்பீடு இல்லாமல் ஓட்டியது, உரிமம் ரத்தான பிறகும் ஓட்டியது. வாசலில் நின்ற ஹெர்ஷல் என்ற காவலர் வழக்கம்போல ஆட்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்.

“தொப்பியக் கழட்டு தம்பி. நீதிபதிக்கு உன் சொட்டை தெரிஞ்சா தண்டனை ஒண்ணும் கூடிடாது. நீ எவ்வளவு வேகத்துல போன?”

“எண்பத்தஞ்சுதான் சார். அவங்க தொண்ணூத்தொண்ணுன்னு எழுதியிருக்காங்க.”

“மிச்சம் ஆறு பின்காத்து தள்ளினதா? அதை உள்ள போய் சொல்லு, அவரும் சிரிச்சு ரொம்ப நாளாச்சு.” பிறகு மார்வாவைப் பார்த்தார். “வாங்க மிஸ் மார்வா. இன்னைக்கு என் வயித்துல காப்பி மட்டும்தான். வீட்டுல விடியறதுக்கு முன்னாடியே பன்றித்தொடை வெந்து மணக்குது. ஒரு துண்டுதான் கேட்டேன். என் பொண்டாட்டி கரண்டியால கைல அடிச்சுட்டா. எல்லாம் யோமன்ஸ் வீட்டுக்காம்.”

ராண்டல் எப்போது போனான் என்று கேட்க அவள் வாயைத் திறந்தாள். மூன்றடி தள்ளி அரசு வக்கீல் கிரகாம் டியூட்டன் காகிதக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தான். முப்பது வயதுப் பையன். இரண்டு கவுண்டி தள்ளி வீடு. இந்த வேலைக்கு மாதத்தில் நான்கு நாள் மட்டும் வந்துபோகிறவன். பன்றித்தொடையைப் பற்றிக் கேட்டு அவனும் சிரித்தான். அவனுக்கு அது வெறும் பன்றித்தொடை.

மார்வா வாயை மூடிக்கொண்டாள்.

வேறு யாரிடமும் கேட்கவும் வழியில்லை. மருத்துவமனை சொல்லாது. ஊரில் சவ அடக்க நிலையம் வைத்திருக்கிறவர்தான் கவுண்டியின் மரண விசாரணை அதிகாரியும். அவரிடம் கேட்டால் அடுத்த நிமிடம் டியூட்டனின் காதில் விழும். விழுந்தால் அவன் அந்த டிக்கெட்டைக் கிழித்துவிட்டுப் பெரிய வழக்கைப் போடுவான். இன்றைக்கு மத்தியானத்துக்குள் எப்படியும் அவனுக்குத் தெரிந்துவிடும். இருப்பது இந்தக் காலைப்பொழுது மட்டும்தான்.

டேலைக் கூல்டிரிங்ஸ் மெஷினுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். அவன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தான். கழுத்துப் பட்டன் இறுக்கி, முகம் சிவந்திருந்தது.

“யோமன்ஸ் வீட்டு வழியா வந்தேன்,” என்றாள் தணிந்த குரலில். “பாத்திரம் போகுது.”

“ஃபாயில் போட்டா?”

“ஆமா. அவிச்ச முட்டைத் தட்டும் போகுது.”

“நாற்காலி?”

“சர்ச் நாற்காலி. வேன்ல வந்திருக்கு.”

டேல் மெஷினில் சாய்ந்துகொண்டான். உள்ளே ஏதோ ஒரு பாட்டில் உருண்டது. “கடவுளே,” என்றான். பிறகு, “எங்க தெருவிலும் விடியக்காலையில ரெண்டு வீட்டுல விளக்கு எரிஞ்சுது. ஏன்னு பாத்தேன்” என்றான்.

“திங்கக்கிழமை நீ கேட்டியே, ஞாபகம் இருக்கா? முதல்ல சாவு, அப்புறம் ஒப்புக்கறது. இன்னைக்கு அப்படித்தான் அமைஞ்சிருக்குன்னு நினைக்கிறேன். டியூட்டனுக்கு இன்னும் தெரியல. இப்ப உள்ள போய் நீ ஒப்புக்கிட்டா, ராண்டல் சாவுக்காக உன்னை இனிமே யாரும் தொட முடியாது.”

“நீங்க நினைக்கிறீங்க. நிச்சயமா?”

“யார்கிட்டயும் கேக்கல. கேக்கவும் முடியாது. நீ சொல்லு, நாற்காலி போன வீட்டுல வேற என்ன நடந்திருக்கும்?”

டேல் தலையை ஆட்டினான். அவனுக்கும் வேறொன்றும் தோன்றவில்லை.

“ஆக, அவன் செத்தது நமக்கு நல்லதாப் போச்சுன்னு சொல்றீங்க.”

“நான் சொல்லல டேல். சட்டம் சொல்லுது.”

“அதை என்கிட்ட வேற மாதிரி சொல்லியிருக்கலாம்.”

“வேற மாதிரி இல்ல. வேண்டாம்னா பழைய பிளானே. ‘குற்றவாளி இல்ல’. காத்திருப்போம். அவங்க பெரிய வழக்குப் போடுவாங்க, சண்டை போடுவோம். ஜெயிக்கலாம், தோக்கலாம். முடிவு உன்னுது.”

அவன் சட்டையின் கழுத்துப் பட்டனைக் கழற்றினான். திரும்பவும் மாட்டினான். “ரோவீனா நேத்து வண்டியில வரும்போது முழுக்க வாந்தி. நான் ஒரு நாள் இல்லேன்னா...” பட்டனிலிருந்து கையை எடுத்தான். “சரி. ஒப்புக்கறேன்.”

ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் தண்டனையை மட்டும் ஏற்றுக்கொள்கிற மூன்றாவது வழி ஒன்று அந்த மாநிலத்தில் உண்டு. அப்படிச் செய்தால் பிறகு அதை எடுத்து யாரும் வாசிக்க முடியாது. ஆனால் இரத்தம் சிந்திய வழக்கில் நீதிபதி பீப்பிள்ஸ் அதை ஏற்றுக்கொண்டதே கிடையாது. அவர் முன்னால் ஆம், இல்லை, இரண்டுதான்.

டியூட்டனின் மேஜையில் கோப்புகள் சரிந்து கிடந்தன. “கிரிஃபிஸா? விசாரணை கேப்பீங்கன்னு குறிச்சு வச்சிருக்கேனே மிஸ் மார்வா.”

“மனசு மாத்திக்கிட்டார். ஒப்புக்கறார்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “அந்த மோட்டார் சைக்கிள்காரர் எப்படி இருக்கார்? ஏதாவது தெரியுமா?”

அவள் எதிர்பார்த்திருந்த கேள்விதான். பொய் சொன்னால் அவளுடைய உரிமம் போகும். சொல்லாமல் இருப்பதற்கு யாரும் எதுவும் செய்ய முடியாது.

“நான் அவரோட வக்கீல் இல்லையே கிரகாம். உன் சாட்சி அவர். நீதான் கேட்டிருக்கணும்.”

“கேட்டேன், போன மாசம். மாற்றம் ஒண்ணும் இல்லன்னு அந்தம்மா சொன்னாங்க.” அவன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தான். அந்தப் பழைய கட்டடத்தின் கனத்த சுவர்களுக்குள், ஒரே ஒரு ஜன்னலோரம் தவிர, சிக்னல் வந்ததில்லை. பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெண் தன் குழந்தை அழுவதைக் காட்டி, “சார், இன்னும் எவ்வளவு நேரம்?” என்றாள். டியூட்டன் கைப்பேசியைப் பையில் போட்டான். “சரி. அபராதம், ஆறு மாசம் நன்னடத்தைக் கண்காணிப்பு. போதுமா?”

“போதும்.”

நீதிபதி பீப்பிள்ஸ் எல்லோரிடமும் கேட்கிற கேள்விகளை டேலிடமும் கேட்டார். யாராவது மிரட்டினார்களா? இல்லை ஐயா. வக்கீலிடம் பேச நேரம் கிடைத்ததா? கிடைத்தது ஐயா.

“உண்மையிலேயே நீங்க குற்றம் செஞ்சதாலதான் ஒப்புக்கறீங்களா, மிஸ்டர் கிரிஃபிஸ்?”

“ஆமாங்க ஐயா. நான் திரும்பினேன். அவரைப் பாத்திருக்கணும்.”

அதில் கடைசி வாக்கியம் தேவையே இல்லை. சுருக்கெழுத்தாளரின் விரல்கள் அதையும் தட்டி முடிப்பதை மார்வா பார்த்தாள்.

“வேற ஏதாவது சொல்லணுமா?”

“அவங்க வீட்டுக்காரங்களுக்கு நான்...” என்று டேல் ஆரம்பித்தான். மார்வா அவன் முழங்கையைப் பிடித்தாள். அவன் நிறுத்திக்கொண்டான். நீதிபதி கண்ணாடிக்கு மேலாக இருவரையும் ஒரு கணம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முழுதும் நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது.

டேல் வேலைக்குப் போய்விட்டான். மார்வாவுக்கு இன்னும் இரண்டு வேக வழக்குகள் இருந்தன. அவற்றை முடித்துக்கொண்டு படியிறங்கும்போது மதிய இடைவேளை. ஹெர்ஷல் கீழ்ப்படியில் உட்கார்ந்து பொட்டலத்திலிருந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

“அடக்கம் எப்ப வச்சிருக்காங்க ஹெர்ஷல்?” என்றாள் போகிறபோக்கில். இனிக் கேட்பதில் ஆபத்தில்லை.

“யாருக்கு?”

“ராண்டலுக்கு.”

அவர் மெல்லுவதை நிறுத்தினார். “அவனுக்கு இன்னும் உயிர் இருக்கே, மிஸ் மார்வா.”

“அந்த நாற்காலி?” என்றாள் மார்வா.

“மூச்சு மெஷினை எடுக்கறதுன்னு நேத்துதான் முடிவு பண்ணினாங்க. ராத்திரி ஜெபக் கூட்டத்துல பாஸ்டர் சொன்னார். இன்னைக்கு மத்தியானம் எடுப்பாங்களாம். டெக்சாஸ்ல இருந்து அண்ணன் தம்பி குடும்பமெல்லாம் ராத்திரியே வந்து இறங்கிட்டாங்க, இருபது பேருக்கு மேல. படுக்க இடமில்ல, உக்கார நாற்காலி இல்ல. அதான் எங்க ஆளுங்க காலையிலேயே ஆரம்பிச்சிட்டாங்க. எப்படியும் செய்யப்போறதுதானேன்னு.” வேர்க்கடலைப் பொட்டலத்தை மடித்தார். “நீங்க மெதடிஸ்ட். உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.”

அவள் திரும்பி மாடிக்கு ஏறினாள். தண்டனை சொல்லிவிட்ட பிறகு ஒப்புதலைத் திரும்பப் பெற நீதிபதி மனது வைக்க வேண்டும். காரணம் கேட்பார். செத்துவிட்டான் என்று நம்பித்தான் ஒப்புக்கொண்டோம் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லவும் தயாராகத்தான் ஏறினாள். நீதிபதியின் அறை பூட்டியிருந்தது. பகுதிநேர நீதிபதி என்பதால் மதியத்துக்கு மேல் அவர் தன் சொந்த வக்கீல் அலுவலகத்துக்குப் போய்விடுவார். கூடத்தின் கோடியில், சிக்னல் கிடைக்கிற ஒரே ஜன்னலில், டியூட்டன் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தான். மார்வாவின் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினான். அவளையே பார்த்துக்கொண்டு மேலும் கேட்டான்.

அவள் அலுவலகத்துக்கு வந்து டேலுக்குப் போன் செய்தாள். தொழிற்சாலையின் இரைச்சலுக்கு நடுவே இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

“உயிரோட இருக்கானா?” என்றான் டேல். அவன் குரலில் இருந்தது சந்தோஷம். அதைக் கேட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“டேல், மூச்சு மெஷினை இன்னைக்கு எடுக்கறாங்க.”

“எடுத்துட்டா என்ன? சில பேர் மூச்சு விடறாங்க மிஸ் மார்வா. ரோவீனாவோட மாமா எட்டு மாசம் இருந்தார்.” பிறகு ஃபோர்க்லிஃப்ட்டின் எஞ்சினை அணைத்தான். “ஓ,” என்றான். “ஓ.”

“தப்பு என்னுது. நான் கேட்டிருக்கணும்.”

“நானும்தான் நாற்காலியைப் பத்திக் கேட்டேன்,” என்றான் அவன்.

மதியம் முழுக்க மார்வா வேறு வேலை எதுவும் செய்யவில்லை. காலையில் ராண்டல் யோமன்ஸ் இறந்திருக்க வேண்டும் என்று இருந்தவள், இப்போது அவன் மூச்சு விட வேண்டும் என்று உட்கார்ந்திருந்தாள். அவன் விடத்தான் செய்தான். இரண்டு மணிக்கும் விட்டான், நான்கு மணிக்கும் விட்டான் என்று ஹெர்ஷல் தன் மனைவியிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னார். ஐந்து மணிக்கு, அவன் மனைவியின் கையை அழுத்தினான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சவானாவில் விளக்கு வைக்கிற நேரத்தில் ராண்டல் இறந்துபோனான்.

ஏப்ரல் மாதம் டேல் மீது வண்டியால் மரணம் விளைவித்த வழக்குப் பதிவானது. ஒப்புதலைத் திரும்பப் பெறக் கேட்ட மனுவை நீதிபதி பீப்பிள்ஸ் தள்ளுபடி செய்தார். ஒரே செயலுக்கு இரண்டாம் முறை விசாரிக்கக் கூடாது என்ற மனுவையும் தள்ளினார். முதல் தண்டனை விதித்த நேரத்தில் அந்த மரணம் நிகழ்ந்திருக்கவில்லை என்று உத்தரவில் எழுதினார். அந்தக் காலையைப் பற்றித் தானே சாட்சி சொல்ல நேரலாம் என்பதால் மார்வா வழக்கிலிருந்து விலகினாள். பக்கத்துக் கவுண்டி வக்கீல் ஒருவர் எடுத்துக்கொண்டார்.

விசாரணை அக்டோபரில் ஒரே நாளில் முடிந்தது. மோட்டார் சைக்கிளில் விளக்கு எரியவில்லை என்று பெட்ரோல் நிலையப் பெண் சாட்சி சொன்னாள். அதன் பிறகு டியூட்டன், மார்ச் 14 காலை டேல் நீதிபதியிடம் சொன்ன இரண்டு வாக்கியங்களையும் வாசித்தான். ஆறு ஜூரிகளும் குற்றவாளி என்றார்கள். தண்டனை பன்னிரண்டு மாதம். அதில் எட்டு மாதம் சிறையில், மீதி கண்காணிப்பில். ரோவீனா வால்டோஸ்டாவில் இருக்கும் தங்கையின் வீட்டுக்குப் போனாள். டேல் கிரிஃபிஸ் நவம்பர் 4, திங்கட்கிழமை காலை கவுண்டி சிறையில் ஆஜரானான்.